ஃபயர்வாலுக்கு எந்தப் பெட்டி? கிண்டி அலுவலகம் ஒன்றுக்குப் போட்ட கணக்கு

வேலை இதுதான்: உள்வலைக்கும் இணையத்துக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வால் ஒன்று போட வேண்டும். சென்னை கிண்டி தொழிற்பேட்டையில் 70 பேர் உட்காரும் அலுவலகம். இரண்டு இணைய இணைப்புகள்: ஒன்று 500 எம்பிபிஎஸ் ஃபைபர், யூசர்நேம் பாஸ்வேர்டு கொடுத்து ஏறும் பிபிபிஓஈ வகை, மற்றது 300 எம்பிபிஎஸ், நிலையான ஐபி. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இருபது பேருக்கு விபிஎன். கணக்குப் பிரிவு, பொது ஊழியர், கேமரா, விருந்தினர் வைஃபை என நான்கு விலேன் (ஒரே கம்பியில் பிரித்து ஓட்டும் தனித்தனி வலைகள்). ஃபயர்வால் மென்பொருள் ஓபிஎன்சென்ஸ். பிஎஃப்சென்ஸ் போட்டாலும் கீழே வரும் ஹார்டுவேர் கணக்கு பெரிதாக மாறாது. இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம்.

அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு பழைய ரேக் சர்வர் சும்மா கிடந்தது. இரண்டு சாக்கெட், இரண்டிலும் ஜியான் ஈ5-2650, மொத்தம் 16 கோர். "இதையே ஃபயர்வாலாக்கிவிடலாமே சார்" என்பதுதான் எந்த அலுவலகத்திலும் முதலில் வரும் யோசனை. வேண்டாம் என்று சொல்ல மூன்று காரணங்கள் இருந்தன. அந்தச் சிப்பின் அடிப்படை வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸ், எவ்வளவு முறுக்கினாலும் 2.8. சுவரில் மாட்டியிருக்கும் ரேக்கின் ஆழம் 450 மிமீ; அந்தச் சர்வர் 700 மிமீ நீளம், பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவது கரன்ட். சாதாரணப் பெட்டியைவிட 60 வாட் கூடுதலாகத் தின்றால் வருஷத்துக்கு 525 யூனிட் கூடும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 5,250 ரூபாய், எந்தப் பயனும் இல்லாமல்.

இந்த மூன்றில் கடைசி இரண்டு எல்லோருக்கும் புரியும். முதல் காரணத்தைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

எம்பிபிஎஸ் அல்ல, பாக்கெட்

ஃபயர்வாலின் உழைப்பு எத்தனை மெகாபிட் போகிறது என்பதைவிட எத்தனை பாக்கெட் போகிறது என்பதைத்தான் சார்ந்தது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தலைப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும், நடக்கும் இணைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் ஸ்டேட் பட்டியலில் தேட வேண்டும், நாட் முறையில் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்ற வேண்டும். பாக்கெட் 64 பைட்டாக இருந்தாலும் 1518 பைட்டாக இருந்தாலும் அந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான். 1 ஜிபிபிஎஸ் கம்பியில் முழு அளவு பாக்கெட் விநாடிக்கு 81,274 போகும். 64 பைட் பாக்கெட் என்றால் 14,88,095. அதே கம்பி, பதினெட்டு மடங்கு வேலை.

நிஜ அலுவலகம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். 64 பைட் ஏழு, 570 பைட் நாலு, 1518 பைட் ஒன்று என்ற வழக்கமான கலவையை எடுத்தால் சராசரி 354 பைட். அந்தக் கணக்கில் 1 ஜிபிபிஎஸ் என்பது விநாடிக்குச் சுமார் 3,34,000 பாக்கெட். நமது இரண்டு இணைப்பும் சேர்ந்து 800 எம்பிபிஎஸ், அதாவது ஒரு திசையில் 2,67,000. வீடியோ கால் அதிகம் ஓடும் அலுவலகத்தில் மேலே போகும் பாக்கெட்டும் கீழே வரும் அளவுக்கு நெருங்கும் என்பதால் ஐந்தரை லட்சம் என்று வைத்துக்கொண்டு பெட்டி தேடினோம். ஸ்டிக்கரில் "2.5 ஜிகாபிட் ஃபயர்வால்" என்று போட்டு விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் முழு அளவு பாக்கெட்டை வைத்துச் சொல்பவை.

இங்கேதான் பிபிபிஓஈ குறுக்கே வருகிறது. நல்ல லேன் கார்டு உள்ளே வரும் பாக்கெட்டுகளை ஐபி முகவரி, போர்ட் எண் பார்த்துப் பல வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையையும் ஒவ்வொரு கோருக்குக் கொடுக்கும். பிபிபிஓஈ பாக்கெட்டில் ஐபி தலைப்புக்கு முன்னால் இன்னொரு உறை இருக்கிறது. கார்டுக்கு அந்த உறையைத் தாண்டிப் பார்க்கத் தெரியாது. எல்லாம் ஒரே வரிசையில் விழும், ஒரே கோர் சுமக்கும். 16 கோர் சர்வரில் 15 கோர் ஈ ஓட்டும், ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் மூச்சுத் திணறும். வெளியிலிருந்து பார்த்தால் சிபியு 6 சதவீதம் என்று காட்டும்; ஸ்பீடு மட்டும் வராது. இணைப்புக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவதற்கு முன், டாப் கட்டளையைக் கோர் வாரியாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

இதற்கு ஒரு பாதி மருந்து உண்டு. சிஸ்டம் ட்யூனபிள் பகுதியில் நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பேட்ச் என்பதை டெஃபர்டு என்று மாற்றினால், கார்டிலிருந்து எடுக்கும் வேலையும் மேலே நடக்கும் வேலையும் வேறு வேறு கோர்களுக்குப் போகும். பிஎஃப்சென்ஸ் 2.8 பதிப்பில் பழைய முறையைவிட வேகமான புதிய பிபிபிஓஈ டிரைவரும் வந்திருக்கிறது. இருந்தாலும் ஹார்டுவேர் வாங்கும்போது மென்பொருள் கைகொடுக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. கோர் எண்ணிக்கையை விடுங்கள், ஒரு கோரின் வேகத்தைப் பாருங்கள். 3.9 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர் ஐ3-7100 இந்த வேலையில் மேலே சொன்ன 16 கோரைத் தாண்டிப் போகும்.

லேன் கார்டு முதலில், மற்றதெல்லாம் பிறகு

சிப் எதுவாக இருந்தாலும் கார்டு சொதப்பினால் முடிந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் ரியல்டெக் 8111 வகைக் கார்டுகள் லேசான சுமையில் நன்றாகத்தான் ஓடும். சுமை ஏறும்போது வாட்ச்டாக் டைம்அவுட் என்று லாக்கில் எழுதிவிட்டுப் போர்ட் செத்து எழும். ரியல்டெக் தரும் தனி டிரைவர் தொகுப்பைப் போட்டால் குறையும். வீட்டுக்குப் பரவாயில்லை, 70 பேர் அலுவலகத்துக்கு அந்தச் சூதாட்டம் தேவையில்லை.

எடுத்தது இன்டெல் ஐ350-டி4. நான்கு போர்ட், ஒவ்வொன்றிலும் எட்டு வரிசை, டிரைவர் பல வருஷம் அடிபட்டுத் தேறியது. ஐ210 கார்டில் நான்கு வரிசை, ஐ211-இல் இரண்டு. பெயர் ஒரு எண்தான் தள்ளி இருக்கிறது, ஆனால் பாதிதான். 2.5 ஜிகாபிட் வேண்டுமென்றால் ஐ226-வி. அதற்கு முந்தைய ஐ225-வி செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும்; அதன் ஆரம்ப ஸ்டெப்பிங்கில் (சிப்பின் திருத்தப் பதிப்பு) பாக்கெட் இடைவெளிக் கோளாறு இருந்தது, சில சுவிட்சுகளோடு சேர்ந்தால் 2.5 வேகத்தில் பாக்கெட் தொலையும். பி3 ஸ்டெப்பிங் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்கலாம். விற்பவருக்கு ஸ்டெப்பிங் என்றால் என்ன என்று தெரியவில்லை என்றால் விட்டுவிடுவது நல்லது.

ஐ350 கார்டில் இன்னொரு தலைவலி: போலி. ரிச்சி தெரு மின்னணுச் சந்தையிலும் ஆன்லைனிலும் இன்டெல் நீலப் பெட்டியில், புத்தம் புதிதாக, நம்ப முடியாத விலைக்குக் கிடைப்பதைக் கண்டால் சந்தேகப்படுங்கள். "ஒரிஜினல் சார், சீல் பிரிக்கல" என்பார்கள். பார்க்க வேண்டியவை: கார்டின் பின்பக்கம் இருக்கும் முப்பரிமாண ஸ்டிக்கர் சாய்த்தால் நிறம் மாறுகிறதா, போர்டில் அச்சிட்ட மேக் முகவரியும் (கார்டின் தனி அடையாள எண்) கணினி காட்டும் மேக் முகவரியும் ஒன்றா, போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டையில் தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா அல்லது வழித்த கறுப்பா. எங்கள் கணிப்பில், புதுப் பெட்டிக் கார்டைவிட டெல், ஹெச்பி, ஐபிஎம் முத்திரையோடு பழைய சர்வரிலிருந்து கழற்றிய கார்டே பத்திரம். அழுக்காக இருக்கும், போலி செய்பவன் அதைப் போலி செய்ய மெனக்கெட மாட்டான். பூட்டியபின் பிசிஐகான்ஃப் கட்டளையில் 8086 (தயாரிப்பாளர் எண்), 1521 (கார்டு எண்) என்ற இரண்டும் வர வேண்டும்.

பிராக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். சின்ன டெஸ்க்டாப் பெட்டிக்குக் குட்டை பிராக்கெட், கார்டை ரைசர் பலகையில் படுக்க வைக்கும் தட்டையான 1யு ரேக் பெட்டிக்குப் பெரும்பாலும் முழு உயர பிராக்கெட். தவறாக வந்தால் மாற்று பிராக்கெட் தனியாகத் தேடி அலைவது கார்டு தேடுவதைவிடக் கஷ்டம்.

10 ஜிகாபிட் இந்த வேலைக்குத் தேவைப்படவில்லை. வேண்டியவர்களுக்கு ஒரு வரி: எக்ஸ்520 கார்டு இன்டெல் அல்லாத எஸ்எஃப்பி மாட்யூலை (கேபிள் மாட்டக் கார்டில் செருகும் துண்டு) மறுக்கும், ஹெச்டபிள்யூ.ஐஎக்ஸ்.அன்சப்போர்டட்_எஸ்எஃப்பி என்பதை 1 ஆக்கினால் ஏற்கும். தாமிர ஆர்ஜே45 மாட்யூல் போடாமல், இரு முனையிலும் மாட்யூல் ஒட்டியே வரும் டிஏசி கேபிள் போடுங்கள், சூடு குறையும்.

கையில் எடுத்துப் பார்த்துக் கழித்தவை

நான்கு போர்ட் உள்ள விசிறியில்லா என்100 மினி பெட்டி நல்ல தேர்வுதான்: நான்கு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை, 6 வாட் சிப். இந்த அலுவலகச் சுமையைத் தாங்கும். ஆனால் பிழையைத் தானே திருத்தும் இசிசி ராம் இல்லை, தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் ஐபிஎம்ஐ இல்லை. பெட்டி நின்றுவிட்டால் யாராவது கிண்டிக்குப் போக வேண்டும். அதனால் இது மாற்றுப் பெட்டி ஆனது, கடைசியில் வரும்.

ஜே1900 சிப் உள்ள பழைய மினி பெட்டிகள் இன்னும் விற்பனையில் சுற்றுகின்றன. அதில் மறையாக்கத்தைச் சிப்பிலேயே வேகமாகச் செய்யும் ஏஇஎஸ்-என்ஐ கிடையாது. ஐபிசெக், ஓபன்விபிஎன் என்ற விபிஎன் வகைகள் எதுவும் நகராது. ஆட்டம் சி2000 வரிசைப் பலகைகளும் வேண்டாம். 2017-இல் வெளியே வந்த கோளாறு அது: சிப்பின் கடிகாரச் சுற்று ஒன்று காலப்போக்கில் தேய்ந்து, ஒரு நாள் ரீபூட் செய்தால் திரும்ப எழாது. திருத்தப்பட்ட சி0 ஸ்டெப்பிங் உண்டு என்றாலும் ஹீட்சிங்கைக் கழற்றாமல் அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ரீஃபர்பிஷ் செய்த ஐ5-6500 டெஸ்க்டாப், கூட ஒரு ஐ350 கார்டு. பணம் குறைவாக இருந்தால் இதுவே போதும், தயங்க வேண்டாம். இங்கே ஐபிஎம்ஐ ஒன்றுக்காகத்தான் அதைத் தாண்டினோம்.

பூட்டிய சாமான்

போர்டு சூப்பர்மைக்ரோ எக்ஸ்11எஸ்எஸ்எல்-எஃப், சிப் ஜியான் ஈ3-1230 வி6: நான்கு கோர், 3.5 முதல் 3.9 கிகாஹெர்ட்ஸ், 72 வாட். ராம் 8 ஜிபி இரண்டு. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி இரண்டு. ஐ350-டி4 ஒன்று. ஆழம் குறைந்த 1யு பெட்டி. போர்டிலேயே இரண்டு ஐ210 போர்ட் இருப்பதால் மொத்தம் ஆறு.

ராமில் ஏமாறுபவர்கள் அதிகம். ஈ3 வகைப் போர்டுகள் ஏற்பது பஃபர் இல்லாத இசிசி ராம். சந்தையில் மலிவாகக் குவிந்து கிடப்பது ரெஜிஸ்டர்டு இசிசி ராம், பெரிய இரட்டைச் சாக்கெட் சர்வர்களிலிருந்து கழற்றியது. ஸ்லாட்டில் உட்காரும், கணினி எழாது, பீப் மட்டும் கேட்கும். லேபிளில் 2400டி-க்குப் பின்னால் ஆர் என்று இருந்தால் ரெஜிஸ்டர்டு, ஈ என்று இருந்தால் நமக்கானது.

அளவைப் பொறுத்தவரை 16 ஜிபி தாராளம். கணக்கு: 250 கருவிகள், ஒவ்வொன்றும் 200 இணைப்பு, ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு ஸ்டேட், ஆக ஒரு லட்சம். ஒரு ஸ்டேட்டுக்கு சுமார் 1 கேபி, மொத்தம் 100 எம்பி. ஃபயர்வாலுக்கு மட்டும் என்றால் 4 ஜிபியே மிச்சம். மீதியைத் தின்பது ஊடுருவலைத் தேடும் சூரிகாட்டாவும், வட்டின் கோப்பு முறையான இசட்எஃப்எஸ்-உம்.

சிப் பற்றி ஒன்று. வி6 சிப்பைப் பழைய பயாஸ் (கணினியை எழுப்பும் போர்டு மென்பொருள்) உள்ள போர்டில் போட்டால் திரையே வராது. போர்டு வாங்கும்போது பயாஸ் பதிப்பு 2.0 அல்லது அதற்கு மேலா என்று விற்பவரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வி5 சிப் ஒன்றைக் கொஞ்ச நேரத்துக்குக் கடன் வாங்கிப் பயாஸ் ஏற்றிவிட்டு மாற்ற வேண்டும்.

எஸ்எஸ்டி இரண்டும் இசட்எஃப்எஸ் மிரர், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் இருக்கும். ஒன்றாவது மின்தடைப் பாதுகாப்புக் கண்டென்சர் உள்ள டேட்டா சென்டர் வகையாக இருக்கட்டும். செகண்ட் ஹேண்ட் என்றால் எஸ்எஸ்டி தன்னைப் பற்றித் தரும் ஸ்மார்ட் விவரத்தில் தேய்மானம் பார்த்து வாங்குங்கள். ஒரே கடையில் வாங்கிய, ஒரே நாளில் தயாரான இரட்டைப் பிறவிகளைப் போட்டால் ஒன்றாகவே சாகும்.

பயாஸும் ஐபிஎம்ஐயும்

இந்தப் பகுதியை அவசரத்தில் தாண்டினால் பின்னால் அழ வேண்டும்.

ஐபிஎம்ஐக்குப் போர்டில் தனி லேன் போர்ட் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை அமைப்பு ஃபெயில்ஓவர் என்ற நிலையில் இருக்கும்: தனிப் போர்ட்டில் கேபிள் இல்லையென்றால் ஐபிஎம்ஐ சத்தமில்லாமல் முதல் லேன் போர்ட்டில் போய் உட்காரும். அந்த முதல் போர்ட்டை நீங்கள் இணைய இணைப்புக்குக் கொடுத்திருந்தால், சர்வரின் மொத்தக் கட்டுப்பாடும் ஃபயர்வாலுக்கு வெளியே, தெருவில் நிற்கிறது. ஃபயர்வால் விதி எதுவும் அதைத் தடுக்காது, ஏனென்றால் அந்தப் பாக்கெட் ஃப்ரீபிஎஸ்டிக்கு வரவே வராது. டெடிகேட்டட் என்று மாற்றுங்கள். கூடவே தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இரண்டும் செய்தபிறகும் இணைய இணைப்புகளை ஐ350 கார்டில்தான் கொடுத்தோம், போர்டின் போர்ட்டுகள் உள்பக்கத்துக்கு மட்டும். இதில் இன்னொரு லாபம்: ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்து வெளிக் கேபிள் வழியே ஏதாவது வந்தால் போவது கார்டு, போர்டு அல்ல. பக்கத்துக் கட்டடத்துக்குக் கேபிள் இழுக்க வேண்டியிருந்தால் தாமிரம் வேண்டவே வேண்டாம், ஃபைபர் போடுங்கள்.

அடுத்தது மின்தடைக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. பவர் ஆன் என்று இருக்க வேண்டும். லாஸ்ட் ஸ்டேட் என்று வைப்பவர்கள் அதிகம், அது பொறி. சென்னையில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 2 மணி வரை போகும். யுபிஎஸ் பேட்டரி தீரும் முன் ஃபயர்வால் தன்னை ஒழுங்காக அணைத்துக்கொள்ளும். லாஸ்ட் ஸ்டேட் என்றால் கடைசி நிலை "அணைந்தது". கரன்ட் வந்தாலும் அப்படியே கிடக்கும்.

அதிலும் ஒரு நுணுக்கம். சர்வர் அணைந்துகொண்டிருக்கும்போதே கரன்ட் வந்துவிட்டால், யுபிஎஸ் வெளியீடு அறுபடவே இல்லை; கரன்ட் போய் வந்ததாகவே சர்வருக்குத் தெரியாது. அதனால் யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் மென்பொருளில் கடைசிக் கட்டளையாக யுபிஎஸ் தன் வெளியீட்டைச் சில விநாடி வெட்டித் திரும்பக் கொடுக்கும்படி அமைக்க வேண்டும். யுபிஎஸ் வாங்கும்போதே யுஎஸ்பி வழியாக அந்தக் கட்டளையை ஏற்கும் மாடலா என்று பாருங்கள்.

மூன்றாவது, பயாஸ் பேட்டரி. சிஆர்2032, சில்லறைக் காசு. பழைய போர்டில் அது செத்திருந்தால் மின்தடைக்குப் பிறகு இரண்டு விபரீதம். பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி மேலே சொன்ன பவர் ஆன் அழிந்துபோகும். தப்பித்து எழுந்தாலும் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். இணையப் பெயர்களின் உண்மையைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் கையெழுத்துகளின் காலம் பொருந்தாததால், பெயரை ஐபி எண்ணாக்கும் அன்பவுண்ட் எந்தப் பெயரையும் தீர்க்காது. பெயர் தீராததால் நேரம் தரும் என்டிபி சர்வரை அடைய முடியாது. என்டிபி இல்லாததால் தேதி சரியாகாது. நாய் தன் வாலைத் துரத்தும் கதை. செகண்ட் ஹேண்ட் போர்டு கைக்கு வந்ததும் பேட்டரியை மாற்றிவிடுங்கள், என்டிபி பட்டியலில் ஒன்றையாவது ஐபி எண்ணாகவே கொடுங்கள்.

யுபிஎஸ் அளவு: ஃபயர்வால் 40, சுவிட்ச் 20, இரண்டு ஓஎன்டி (ஃபைபர் முனைப் பெட்டி) சேர்ந்து 20, மொத்தம் 80 வாட். 600 விஏ யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரியில் 84 வாட்-மணி, அதில் பாதிக்குச் சற்று மேல்தான் உருப்படியாகக் கைக்கு வரும். அரை மணி நேரம். இன்வெர்ட்டரில் மாட்டும் அலுவலகங்களில் அதன் பின்னாலிருக்கும் ஸ்விட்சை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். நார்மல் நிலையில் மாறும் நேரம் அதிகம், சர்வர் ரீபூட் ஆகிவிடும்.

சூடு, உப்பு, சத்தம்

கத்திரி வெயில் நாளில் ரேக் எவ்வளவு சூடாகும் என்று திங்கள்கிழமை மதியம் அளந்து பயனில்லை, ஏசி ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, ஏசி அணைத்து ஜன்னல் சாத்திய அறையில் அளக்க வேண்டும். வெளியே 40 டிகிரி, மூடிய சுவர் ரேக்குக்குள் அதற்கும் மேல். பெரும்பாலான சர்வர்களுக்கு உள்ளிழுக்கும் காற்று 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றுதான் தயாரிப்பாளர் கணக்கு. ரேக்கின் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு, மேலே இரண்டு 120 மிமீ விசிறி வெளியே தள்ளும்படி வைத்தோம். ஃபயர்வாலை ரேக்கின் அடியில் வைத்து, கேபிள் வழியே கரன்ட்டும் கொடுக்கும் பிஓஈ சுவிட்சை மேலே ஏற்றினோம். சூடு மேலே போகும், சுவிட்ச்தான் அதிகம் சுடும்.

1யு பெட்டியின் 40 மிமீ விசிறிகள் கொசு மாதிரி இரையும். அமைதியான விசிறியாக மாற்றலாம், ஆனால் அதன் சுற்று வேகம் ஐபிஎம்ஐ எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால், விசிறி செத்துவிட்டது என்று நினைத்து எல்லா விசிறியையும் முழு வேகத்துக்கு ஏற்றும், ஏறியதும் சரியாகிவிட்டது என்று இறக்கும், மறுபடி ஏற்றும். நாள் முழுக்க இந்த ஊஞ்சல். ஐபிஎம்ஐடூல் கொண்டு கீழ் வரம்புகளைக் குறைத்தால் நிற்கும்.

கிண்டிக்கு அவ்வளவாக இல்லை, ஆனால் திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் பக்கம் வைக்கும் பெட்டிகளுக்குக் கடல் காற்று ஒரு கணக்கு. ராம் காலிலும் ஆர்ஜே45 முள்ளிலும் பச்சை படியும். பலர் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். அது தங்கப் பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும், தூளும் ஸ்லாட்டில் விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு, போதும்.

நிறுவியபின் சோதனை

ஃபயர்வாலிலேயே வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. பாக்கெட் தயாரிக்கும் வேலையையும் அதே சிப் செய்வதால் எண் பொய் சொல்லும். வெளிப் பக்கம் ஒரு லேப்டாப், உள்பக்கம் ஒரு லேப்டாப், நடுவே ஃபயர்வால். வெளி லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு அதையே பிபிபிஓஈ சர்வராக்கினால் நிஜ இணைப்பு வருமுன்பே முடிச்சு எங்கே என்று தெரிந்துவிடும். முதலில் எட்டு இழை டிசிபி, பிறகு யுடிபியில் சின்னப் பாக்கெட். ஐபெர்ஃப்3-இன் 3.16-க்கு முந்தைய பதிப்புகள் எத்தனை இழை சொன்னாலும் ஒரே கோரில் ஓடும் என்பதால் லேப்டாப்பே முட்டுக்கட்டையாக இருக்கலாம்; புதிய பதிப்பு போடுங்கள்.

கார்டின் டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ (பாக்கெட்டை வெட்டும், சேர்க்கும் வசதிகள்) இரண்டும் அணைந்திருக்க வேண்டும். அவை சர்வருக்கு நல்லது, பாக்கெட்டைக் கடத்திவிடும் ரவுட்டருக்குக் கெடுதல். பிபிபிஓஈ பக்கம் எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) 1492, எம்எஸ்எஸ் (அதில் டிசிபி தரவின் உச்ச அளவு) 1452. இதை விட்டால் கூகுள் திறக்கும், வங்கித் தளம் பாதியில் நிற்கும்.

சூரிகாட்டாவை வெளிப் பக்கம் மாட்டாதீர்கள். அங்கே நாட் முடிந்துவிட்டதால் எந்தக் கணினி என்று தெரியாது, இணையத்தின் குப்பை ஸ்கேன் எல்லாம் எச்சரிக்கையாகக் குவியும். உள்பக்கம், விலேனுக்கு அல்ல, அதைத் தாங்கும் மூலப் போர்ட்டுக்கு. இப்போது பெரும்பாலான போக்குவரத்து மறையாக்கப்பட்டது என்பதால் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம். வயர்கார்டு வகை விபிஎன்னுக்கு ஏஇஎஸ்-என்ஐ பயன்படாது, அது சாச்சா20 என்ற மறையாக்க முறை. இருபது பேருக்கு இந்தச் சிப் சாதாரணமாகத் தாங்கும்.

லாக் எங்கே வைப்பது? இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், நேரம் அரசு நிறுவனங்களான என்ஐசி அல்லது என்பிஎல்-இன் என்டிபியோடு பொருந்த வேண்டும். விநாடிக்கு 100 வரி, வரிக்கு 200 பைட் என்றால் நாளுக்கு 1.7 ஜிபி, 180 நாளுக்கு 311 ஜிபி. 240 ஜிபி எஸ்எஸ்டியில் சுருக்காமல் அடங்காது, எழுதி எழுதித் தேயவும் செய்யும். சிஸ்லாக் வழியாக அலுவலக நாஸுக்கு (வலையில் உள்ள சேமிப்புப் பெட்டி) அனுப்பி, அங்கே தினமும் சுருக்கி வைத்தோம்.

மாற்றுப் பெட்டி

என்100 பெட்டி அலமாரியில், அதே பதிப்பு நிறுவி, அமைப்புக் கோப்பு ஏற்றித் தயாராக இருக்கிறது. நேரடியாக ஏற்றினால் எழாது: சர்வரில் போர்ட்டுகளின் பெயர் ஐஜிபி0, ஐஜிபி1 என்று போகும், ஐ226-இல் ஐஜிசி0, ஐஜிசி1. எக்ஸ்எம்எல் கோப்பில் தேடி மாற்றிவிட்டு ஏற்ற வேண்டும். சர்வரில் ஆறு போர்ட், இதில் நான்கு என்பதால், பயன்படுத்தும் போர்ட்டுகளை முதலிலிருந்தே மூன்றுக்குள் அடக்கி, விலேன் அனைத்தையும் ஒரே டிரங்கில் போட்டது இந்த நாளை நினைத்துத்தான். அடாப்டரின் முள் 5.5-க்கு 2.5 மிமீயா, 2.1 மிமீயா என்று பார்த்து, சரியானதைப் பெட்டியோடு கட்டி வையுங்கள், 2.1 பெட்டியில் 2.5 பிளக் போட்டால் விளக்கு எரியும், தொட்டால் அணையும்.

நிலையான ஐபி இணைப்பு மேக் முகவரியைப் பூட்டி வைத்திருந்தது. மாற்றுப் பெட்டியின் அந்தப் போர்ட்டில் சர்வர் கார்டின் மேக் முகவரியையே எழுதி வைத்தாயிற்று. அந்த எண் பெட்டியின் மேல் மாஸ்கிங் டேப்பிலும் இருக்கிறது.